வானத்தில் ஓடும் ஆறு

கேள்வி: நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்தில் போகும் விமானம், திரும்பி வர எட்டு மணி நேரம் எடுக்கிறதே, பூமி சுழல்வதாலா?

பதில்: தூரம் இரு வழியிலும் சுமார் 5,550 கிலோமீட்டர்தான். பூமி அடியில் நகர்ந்துகொடுப்பதுதான் காரணம் என்றால், கணக்கு தலைகீழாக வந்திருக்கும். லண்டனின் தரை மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. விமானத்தின் வேகம் சுமார் 900. காற்றும் பூமியோடு சேர்ந்து சுழலாவிட்டால், கிழக்கே கிளம்பிய விமானம் லண்டனைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! வித்தியாசத்துக்குக் காரணம், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறாகப் பாயும் ஜெட் காற்று. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, அதன் தயவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது.

தரையை வைத்து அளந்தால் அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அப்படியானால் ஒலியை முந்திவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒலித்தடை என்பது சுற்றியுள்ள காற்றை வைத்துக் கணக்கிடுவது; அந்தக் காற்றே விமானத்தைச் சுமந்துகொண்டு ஓடியது. சரி, பூமியின் சுழற்சிக்குப் பங்கே இல்லையா? உண்டு, மறைமுகமாக. வெப்பமண்டலத்திலிருந்து துருவத்தை நோக்கிப் போகும் காற்றைக் கிழக்கே திருப்புவது அந்தச் சுழற்சிதான். மேற்கே போகும் விமானிகள் இந்த எதிர்க்காற்றைத் தவிர்க்கக் கொஞ்சம் சுற்றிப் போவதும் உண்டு. ஆகவே, போகும் நேரத்தை வைத்து வரும் நேரத்தைக் கணக்கிடாதீர்கள். இரண்டையும் அட்டவணையில் தனித்தனியாகப் பாருங்கள்.