பாலம் ரெடி, டிராம் வரட்டும்

டொராண்டோ ஏரிக்கரையின் கிழக்குப் பகுதிக்கு டிராம் விடுவதற்கான சுற்றுச்சூழல் ஆய்வை 2010-லேயே முடித்துவிட்டார்கள். முதலில் போக்குவரத்து, பிறகுதான் குடியிருப்பு என்பது கொள்கை. குறை சொல்ல முடியாத கொள்கை; கட்டடங்கள்தான் அதைப் படிக்காமல் எழும்பிவிட்டன. கல்லூரி வந்தது. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்புக் குடைகளோடு மணல்திட்டும் வந்தது. 2017-ல் கூகுளின் சகோதர நிறுவனம் வந்து, பூமிக்கடியில் ரோபோக்கள் பார்சல் சுமக்கும் என்றது. 2020-ல் மூட்டை கட்டியது. பார்சலுக்கே சுரங்கம் யோசித்த ஊரில், யூனியன் ஸ்டேஷனின் டிராம் சுரங்கத்தை விரிவாக்கத்தான் பல ஆண்டுகள் பணம் புரளவில்லை. மாநகராட்சி மாகாணத்தைப் பார்க்க, மாகாணம் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசைப் பார்க்க, ஒட்டாவா ஏரியைப் பார்த்தது.

சோம்பேறிகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே ஏரிக்கரையில், நூறாண்டுக்கு முன் செங்கோணத்தில் மடக்கிவிட்ட டான் ஆற்றுக்குப் புதிய முகத்துவாரமே வெட்டி, வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். பக்கத்துக் கீட்டிங் கால்வாய்மேல் டிராமுக்கென்றே தனிப் பாலம். நோவா ஸ்கோஷியாவில் செய்து, தெப்பத்தில் ஏற்றி, செயின்ட் லாரன்ஸ் ஆற்று வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆறு சொன்ன இடத்தில் திரும்பிவிட்டது. தண்டவாளக் கோப்பு இன்னும் எந்த மேசையில் திரும்பிக்கொண்டிருக்கிறதோ!