உள்ளாட்சிப் பதிவுகளின் பொருளிலக்கணம்

உள்ளாட்சி அமைப்புகள் சமூக ஊடகத்துக்கு வந்ததை ஆராய்ந்தவர்கள் எல்லாம் அதை நிர்வாகவியலில் சேர்த்துவிட்டார்கள். கோளாறு அங்கேதான். அது பொருளிலக்கணத்தில் அடங்குவது. அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்று மூன்று பொருள் உண்டு. மாநகராட்சி போடும் பதிவானாலும் பேரூராட்சி போடும் பதிவானாலும் இம்மூன்றும் குறைவின்றி அமைந்திருக்கக் காணலாம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மணி எல்லாவற்றையும் ஜிபிஎஸ் கேமரா செயலியே அச்சடித்துத் தந்துவிடுகிறது. சங்கப் புலவனுக்கு ‘மாலை’ என்றால் போதும். சுகாதார ஆய்வாளருக்கு நிமிடம் வரை வேண்டும். மேலதிகாரி நம்ப வேண்டுமே! கருப்பொருள்: ஜேசிபி, பிளீச்சிங் பவுடர், கொசுப்புகை இயந்திரம், யாரோ யாருக்கோ பிடித்திருக்கும் குடை. உரிப்பொருள் ‘ஆய்வு’. அதன் மெய்ப்பாடு நீட்டிய சுட்டுவிரல். விரல் காட்டும் பக்கம் சுற்றி நிற்பவர்கள் அனைவரும் பார்ப்பார்கள். விரலுக்கு உரியவர் மட்டும் கேமராவைப் பார்ப்பார். வடிகாலைச் சுட்டாத விரல் ஆய்வாகாது என்க.

இனி வரலாறு. சென்னை மாநகராட்சி 1688-ல் தோன்றியது. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913-ல். புகார் தொலைபேசி எண்ணும் 1913. இதைத் தற்செயல் என்று விட்டுவிட்டால் நாம் ஆய்வாளர்களே அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு எங்கே, சோறு எங்கே, மொட்டைமாடியில் மாட்டிக்கொண்டவர்கள் யார் என்று ட்விட்டரில் விடிய விடிய ஒருங்கிணைத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். அலுவலகங்கள் பின்னால்தான் அங்கே முழுமூச்சாகக் குடியேறின. வரும்போது தபால் பிரிவையும் கையோடு கொண்டுவந்தன. மனு பெறுவது, எண் இடுவது, ‘சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று எழுதுவது, கோப்பை முடிப்பது எல்லாம் அப்படியே. ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இல்லை.

இத்துறையின் மிக நுட்பமான பகுதி சாக்கடை. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு உரியது; கழிவுநீர்க் குழாய் 1978-ல் அமைந்த குடிநீர் வாரியத்துக்கு உரியது. வடிகாலில் கழிவுநீர் ஓடினால் அது யாருடையது? ஓடுவது வாரியத்தினுடையது, ஓடும் இடம் மாநகராட்சியினுடையது. புகாரைப் பார்த்த முதல் கணக்கு இரண்டாவது கணக்கை டேக் செய்யும். இரண்டாவது, தெருப்பெயரைக் கேட்டுவிட்டு முதலாவதை டேக் செய்யும். தெருவிளக்குக்கும் இதே கதி: விளக்கு மாநகராட்சி, மின்சாரம் மின்வாரியம். நடுவில் நெடுஞ்சாலைத் துறையின் சாலை குறுக்கிட்டால் அது தனி அதிகாரமாக விரியும். முன்பெல்லாம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு மனுதாரர் அலைந்தார். இப்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க மனு மட்டும் அலைகிறது. இது முன்னேற்றமே, கிண்டலாகச் சொல்லவில்லை, பஸ் காசு மிச்சம். அலைவதை ஊரே பார்க்கிறது என்பது கூடுதல் லாபம். பழைய தபால் பிரிவில் உங்கள் மனு எந்த மேசையில் தூங்கியது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கிராம ஊராட்சிகளை விட்டுவிட்டதாக யாரும் குறை சொல்லக்கூடாது. அங்கே ஊடகம் என்றால் வாட்ஸ்அப் குழுதான். கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது. குழு நள்ளிரவிலும் கலைவதில்லை. பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு இருப்பதால் தலைவர் பெண்ணாக இருக்கலாம். பல ஊர்களில் அட்மின் அவருடைய கணவர். இதற்கு எந்த இலக்கணத்திலும் விதி இல்லை, வழுவமைதிதான் உண்டு.

புகார் போடப்போகும் வாசகருக்கு ஒரு வார்த்தை. பள்ளத்தின் படத்தோடு மண்டலம், வார்டு, தெரு, பக்கத்திலுள்ள கோயிலோ டீக்கடையோ எல்லாவற்றையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் பதில் அவற்றைக் கேட்டு வரும். எழுதினாலும் வரக்கூடும், அப்போது 1913-க்குப் போன் செய்யுங்கள்.