பர்மிஷன் போட்ட பேராண்டி

வாடா பேராண்டி. இன்னா, பட்டப் பகல்ல வந்து நிக்கற? ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு வந்தியா? நல்லாயிருக்குடா. பர்மிஷன்ங்கறது அடுத்தவன் குடுக்கறது. நீ என்னமோ வாசல்ல கோலம் போட்ட மாதிரி போட்டேங்கற.

மாடி எடுக்கற பேப்பர் எந்த மேசையில தூங்குதுன்னு பாக்கத்தானே வந்த? உக்காரு, மோர் குடி. நாப்பது வருசம் இந்த மாமல்லபுரத்துல கைடு வேலை பாத்தவன் நான். வெள்ளக்காரன் வாயைப் பாத்தே வார்த்தை பொறுக்கினவன். அனுமதிக்குன்னு அவன் வச்சிருக்கற வார்த்தை ஒவ்வொண்ணும் இடுப்புல கத்தி சொருகினது.

சாங்ஷனை எடுத்துக்க. பேங்க்குல லோன் சாங்ஷன் ஆனா உங்க ஆத்தா புள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கறா. அதே சாங்ஷனை அமெரிக்காக்காரன் ஈரான் மேல போட்டா அவன் எண்ணெய் விக்க முடியாமத் தவிக்கறான். சிரிக்காத. நம்ம உத்தரவு மட்டும் யோக்கியமா? கலெக்டர் போட்டா கட்டளை, விருந்துக்கு வந்தவன் கேட்டா கெளம்பறான்னு அர்த்தம். லீவும் ஆதியில அனுமதிதான்டா. அனுமதி வாங்கி வாங்கிப் போனதுல, வீட்ல குந்தியிருக்கற நாளுக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு.

லெட்டுன்னா விடறதுன்னுதானே படிச்ச? பழைய இங்கிலீசுல தடுக்கறதுக்கும் லெட்டுதான். பாஸ்போர்ட்டைப் பிரிச்சுப் பாரு, இவனை லெட் இல்லாமப் போக விடுங்கன்னு ஜனாதிபதி பேரால எழுதியிருக்கும். எல்லாத்துக்கும் மேல என்.ஓ.சி. சரின்னு சொல்ல வாய் வராதவன் கண்டுபிடிச்ச காகிதம்டா அது. 'நான் தடுக்கல'ம்பான், அவ்ளோதான். நாளைக்குச் சொவரு இடிஞ்சா, நானா கட்டச் சொன்னேன்னு கேப்பான்.

கைடுக்கு லைசென்ஸ் இருக்கணும், தெரியுமில்ல. என் பேட்ஜைப் பாத்துட்டு ஒரு வெள்ளக்காரக் கெழவி சொன்னா, லைசென்சும் லெஷரும் ஒரே லத்தீன் வயித்துல பொறந்த புள்ளைங்களாம். லெஷர்னா ஓய்வு. லைசென்ஸ் குடுக்கற எடத்துல ஏன் அம்புட்டு ஓய்வுன்னு அன்னிக்குத்தான் வெளங்கிச்சு.

பர்மிட்டு கதை இன்னும் ருசி. 1937-ல சேலத்துல மதுவிலக்கு கொண்டாந்தவர் ராஜாஜி. மாகாணம் பூரா அது பரவினப்புறம், டாக்டர் சீட்டு வச்சுப் பர்மிட்டு வாங்கிக் குடிச்ச பெரிய மனுசங்க உண்டு. அதே ராஜாஜி 1959-ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்சு, டில்லியில நடக்கறது லைசென்ஸ், பர்மிட்டு, கோட்டா ராஜ்ஜியம்னு வெளாசினாரு. சாராயப் பர்மிட்டு அதுல சேத்தியான்னு அவரைக் கேக்கத்தான் ஆளில்ல.

ஒன் மாடிக்கு வருவோம். பழைய சின்னத்துலேருந்து 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக்கூடாது. அதுக்கப்புறம் 200 மீட்டர், கேட்டுக்கிட்டுத்தான் கட்டணும். 2010-ல வந்த சட்டத் திருத்தம். நம்ம வீடு அந்த ரெண்டாவதுல மாட்டிக்கிச்சு. போற வழியில அர்ச்சுனன் தபசுகிட்ட வண்டிய நிறுத்து. ஒத்தக் கால்ல, கை ரெண்டையும் தூக்கிகினு, எலும்பு தெரிய ஒருத்தன் நிக்கறானில்ல? அர்ச்சுனன்னு சொல்றவனும் உண்டு, பகீரதன்னு சொல்றவனும் உண்டு. எவனா இருந்தா இன்னா, மனு குடுத்தவன். எதிர்ல கைய நீட்டிகினு சிவன், சாங்ஷன் பண்ற அதிகாரி. பல்லவன் செதுக்கி ஆயிரத்து முந்நூறு வருசம் ஆச்சு, தூக்கின காலு இன்னும் தரையில படல. கீழ ஒரு பூனையும் அதே மாதிரி கையத் தூக்கித் தவம் பண்ணுது, சுத்தி எலிங்க. பூனை யாருன்னு தெரியுதா? 'ஃபைலை நான் நகத்தறேன் சார்'னு ஒன்கிட்ட பல்லக் காட்டினானே, அவன்தான். எலி யாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

நீ ஈ.சி.ஆர்.ல வர்ற வழியில வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குள்ள இருளருங்க பாம்பு பிடிக்கற கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978-ல ஆரம்பிச்சது. அதுல வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் அமெரிக்காக்காரன் ஃபுளோரிடாவுக்கே கூட்டிப் போயி மலைப்பாம்பு பிடிக்க வச்சான். 2023-ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. ஆனா நம்ம வயக்காட்டு நல்லபாம்பைப் பிடிக்க வனத்துறை பர்மிட்டு வேணும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, நாலே ஜாதி. எந்த ஜாதியில எத்தினின்னும் கணக்குண்டு. பிடிச்சதை மண்பானையில விட்டு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. சில வாரத்துல விஷத்தைக் கறந்துட்டு, வயித்துச் செதில்ல ஒரு அடையாளம் வெட்டி, காட்டுல விட்டுடுவாங்க. அந்தக் கட்டுவிரியனுக்குக்கூட உள்ள போனா என்னிக்கு வெளிய வருவோம்னு ஒரு கணக்கு இருக்குடா. ஒன் ஃபைலு உள்ள போயி எத்தினி மாசம் ஆவுது?

இன்னா, வாட்ச்சைப் பாக்கற? பர்மிஷன் முடியுதா? தாத்தாகிட்ட உத்தரவு வாங்காம எழுந்துக்கற? மொதல்ல அந்தச் சொம்பைக் காலி பண்ணு, அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்.