பல்லும் பணமும்

பல் இருப்பவன் பக்கோடா தின்பான் என்பது பழைய கணக்கு. இப்போது பணம் இருப்பவனுக்குத்தான் பல்லே. விளக்குப் பலகையில் எக்ஸ்ரேயை மாட்டிவிட்டு டாக்டர் பேனாவால் தட்டுகிறார்: இங்கே ரூட் கெனால், அங்கே ஜிர்கோனியா கேப், பின்னால் நான்கு இம்பிளான்ட்.

இம்பிளான்ட் என்பது 1965-இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் தாடையில் பதித்த டைட்டானியம் திருகின் வாரிசு. எலும்பு அதைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். தவணைக் கடன் நம்மைப் பற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

“இந்த வயசுக்கு மேல எதுக்குங்க?” என்கிறாள் மனைவி. “செட்டுப் பல்லு போதும்ப்பா” என்கிறான், பில்லைப் பார்த்த மகன். “பதினைந்து வருஷம் தாராளமா வரும் சார்” என்கிறார் டாக்டர். பல்லுக்குத்தான் சொன்னார், ஆளுக்கு உத்தரவாதம் தரவில்லை.

ஒரு முடிவுக்கு வரும்வரை இடப்பக்கமாகவே மெல்வதாகத் தீர்மானம். அதற்கு இன்னும் யாரும் எஸ்டிமேட் போடவில்லை.