விளக்குக்கு ஒரு விலாசம்

மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர். ஒன்றன்பின் ஒன்றாக வரும், குழப்பமில்லை. மேடை விளக்குகளுக்குத்தான் அந்த ஒழுங்கு தானாக வராது.

அவற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் வழித்தடம் ஒன்றில் 512 சேனல். தலை சுழற்றும் விளக்கு ஒன்று 16 சேனல் தின்றால், முதலாவதன் விலாசம், அதாவது தொடக்கச் சேனல், 1, அடுத்தது 17, அதற்கடுத்தது 33. விளக்குகளை இயக்கும் கன்சோலிலும் அதே கணக்கைப் பதிய வேண்டும்; அதற்குப் பெயர் ‘பேட்ச்’.

தோட்டத்துத் திருவிழா ஒன்றில், லைட் போட வந்த தம்பி அவசரத்தில் நாலு விளக்குக்கும் 1 என்றே வைத்துவிட்டார். பாடகியைக் காட்டச் சொன்னால், நாலும் சேர்ந்து விழாத் தலைவரின் வழுக்கையைக் காட்டின. “பரவாயில்லை தம்பி, அப்படியே இருக்கட்டும்” என்றார் தலைவர்.

“விலாசம் பிழைச்சா ஒண்ணும் போய்ச் சேராதுங்க” என்று தம்பி தலையைச் சொறிந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார். அவருடைய லயக் காம்பிராவுக்குத் தனி விலாசமே கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, என்றைக்கோ ஒருநாள் லயத்துக்கு இறங்கும்.

ஒரு ராத்திரி வாடகைக்கு வந்த விளக்குக்கு விலாசம் உண்டு. நாலு தலைமுறையாக இருப்பவர்தான் இன்னும் ‘பேட்ச்’ ஆகவில்லை.