அபவுட் எதற்கு?

சொந்தபந்தம் என்று இருந்தால் அதில் ஓர் இங்கிலீஷ் சார் இருந்தே தீருவார். அவர் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. அரசு அலுவலகத்தில் பிறர் எழுதிய டிராஃப்டைத் திருத்தியே சர்வீஸை முடித்தவர். ரிட்டயர் ஆன பிறகு ஃபைல் இல்லை. ஊரார் வாய் இருக்கிறதே!

அபார்ட்மென்ட் கூட்டத்தில் செக்ரட்டரி, "வாட்டர் டேங்க் மேட்டர், லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "டிஸ்கஸ் போதும். அபவுட் எதற்கு?" என்று எழுந்துவிடுவார். டேங்க் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும். ரிவர்ட் பேக்கில் பேக் கூடாது, கசின் பிரதரில் பிரதர் கூடாது. சாவுச் செய்திகூடத் தப்பாது. "அப்பா எக்ஸ்பயர்டு" என்று மெசேஜ் வந்தால், "எக்ஸ்பயர் ஆவது மாத்திரையும் லைசென்ஸும்தான்" என்பார். (செத்துப்போவதற்கும் அந்தச் சொல் அகராதியில் உண்டு. இழவு வீட்டில் யார் அதைப் புரட்டிக் காட்டுவது?)

சாருக்கு வேதம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அந்த ரென்தான் 1924ல் 'போ ஜெஸ்ட்' என்ற பாலைவனச் சாகச நாவலை எழுதியவர் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு நாள் பேச மாட்டார். அப்பீலுக்கு ஃபவுலர். 1926ல் வந்த அவருடைய ஆங்கில வழக்கு அகராதி சாரின் கண்ணாடி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. திறந்திருந்தால் வம்பு. வாக்கியம் பிரிபொசிஷனில் முடியக் கூடாது என்பதை மூடநம்பிக்கை என்கிறார் ஃபவுலர். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல் நுழைந்தால் பதறுகிறவர்களையும் கிண்டல் செய்கிறார். இரண்டும் சார் உயிரைக் கொடுத்துக் காக்கும் கோட்டைகள்.

எண்ணுவதற்கு ஃபியூயர், அளப்பதற்கு லெஸ் என்பது அடுத்த கோட்டை. 1770ல் ராபர்ட் பேக்கர் என்பவர், தனக்கு இப்படிச் சொன்னால் நன்றாகத் தோன்றுகிறது என்ற தோரணையில் எழுதிவைத்த விஷயம். சார் கைக்கு வருவதற்குள் அது பீனல் கோட் ஆகிவிட்டது. 2008ல் பிரிட்டனில் டெஸ்கோ கடைக்காரர்கள், எதிர்ப்புக்குப் பணிந்து 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகையை 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள். சார் வீட்டில் அன்று பாயசம்.

போன மாதம் மருமான் போன் செய்தான். "மாமா, நிச்சயதார்த்தம் பிரீபோன் ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை இல்லை..."

"பிரீபோனா? அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுடா! நம்ம ஆளுங்க கட்டிவிட்டது!"

1913லேயே நியூயார்க் டைம்ஸில் தலைகாட்டிய சொல் அது. மருமானுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல இடைவெளி கிடைத்திருக்காது. அட்வான்ஸ், பிரிங் ஃபார்வர்டு என்று மாற்றுச் சொற்களை அடுக்கி, உதாரண வாக்கியமும் சொல்லிவிட்டுத்தான் சார் போனை வைத்தார். வெள்ளிக்கிழமை என்பது காதில் விழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியும் பழத்தட்டுமாக மண்டபத்தில் போய் இறங்கினார். வாட்ச்மேன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஃபங்ஷன் ஃபினிஷ் சார். ஃப்ரைடேவே ஃபினிஷ்."

"ஃபினிஷ் இல்லப்பா," என்றார் சார், தட்டைக் கீழே வைத்துவிட்டு. "இஸ் ஓவர்."