கண்ணாடிக் கட்டடம் கட்டுங்க, மாப்ள

ஒரு நாடு நிதித் தொழில்நுட்பத்துல முன்னேற திட்டம் எழுதப் போறீகளாமே, மாப்ள? எழுதுங்க. முதல்ல கண்ணாடியில ஒரு கட்டடம். வாசல்ல ரிப்பன், உள்ள காபி மெஷினு. மந்திரி வந்து வெட்டுனா அன்னைக்கே பாதி முன்னேறியாச்சு. மீதிய விளம்பரத்துல முன்னேத்திக்கலாம்.

நம்ம நாட்டுல செஞ்ச மாதிரி மட்டும் செஞ்சிராதீக. பேப்பர்ல படமே வராத வேலை அது. 2008-ல ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேந்து நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாக. பேரக் கேட்டாலே தூக்கம் வரும். அடுத்து ஆதாருக்கு வெரல வைக்கச் சொன்னாக. 2014-ல ஜன்தன் கணக்கு வந்துச்சு. சல்லிக்காசு போடாம பாஸ்புக்க மட்டும் பெட்டியில பூட்டி வச்ச அப்பத்தாக்க எம்புட்டுப் பேரு! 2016-ல போன்லயே பணம் அனுப்புற யு.பி.ஐ. எந்த வங்கியும் எந்த ஆப்பும் பாய்ச்சிக்கிறலாம்னு வெட்டுன பொதுக் கண்மாய் அது. அதே வருசம் ஜியோ டேட்டாவ வாரி எறைச்சுச்சு. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னாக. சனங்களுக்குப் பழக்கம் வர இதுவும் ஒரு வழின்னு திட்டத்துல சேத்துறாதீக, புண்ணியமாப் போகும். வரிசையில நின்னவுக இன்னும் மறக்கல.

2023 ஆகஸ்ட்ல அந்தக் கண்மாய் வழியா ஒரே மாசத்துல 1000 கோடி தடவைக்கு மேல பணம் கைமாறுச்சு. ஆனா பத்துல எட்டுப் பங்குத் தண்ணி போன்பே, கூகுள் பேன்னு ரெண்டு வயலுக்குத்தான் பாயுது. ஒருத்தருக்கு 30 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு 2020-லயே சொல்லியாச்சு. கெடு 2022 கடைசின்னாக. அப்புறம் 2024 கடைசி. இப்ப 2026 கடைசியாம். கெடுவுக்கு நல்லா நடை பழகிருச்சு.

அப்ப தூர்வாரக் காசு? 2020 ஜனவரியில இருந்து கடைக்காரர்ட்ட கட்டணம் வாங்கக் கூடாது. சர்க்காரு ஊக்கத்தொகைன்னு கொஞ்சம் கிள்ளிக் குடுக்குது. பத்தலன்னு கம்பெனிக்காரவுக மூக்கச் சிந்துறாக. அதான் டீக்கு அனுப்ப ஆப்பத் தொறந்தா, கடன் வேணுமான்னு கேக்குது. நானும் மறுக்குறேன், மறுபடி கேக்குது. அம்புட்டுப் பாசம்!

அதுலயும் சில கடன் ஆப்பு இருந்துச்சு பாருங்க. போன்ல உள்ள நம்பரையெல்லாம் உருவி, சொந்தக்காரன், சம்பந்தக்காரன் எல்லாருக்கும் அடிச்சு மானத்த வாங்கிப்புட்டு ஓடிருவாக. 2022-லதான் ரிசர்வ் வங்கி விதி போட்டுச்சு. உங்க திட்டத்துல அந்த விதிய மொத வருசமே போட்டுருங்க. நம்ம பழைய வட்டிக்காரரு எம்புட்டோ தேவல, மாப்ள. கடன் வாங்குனவன் வாசல்ல மட்டுந்தான் கத்துவாரு.